நாற்பத்திரண்டு பெட்டி பிஸ்கட்

1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், புதன்கிழமை. முற்பகல் மணி பத்து நாற்பது. விருத்தாசலம் பொதுச்சூளைக் கொட்டகையினுள் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. பீங்கான் ஊரில் கோப்பை உடைவது காகம் கரைவதைப் போன்றது. எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கோப்பையைத் தொடர்ந்து ஒரு மனிதர் விழுந்த ஓசையும் கேட்டது. ஆகவே வாயிலில் நின்றவர்கள் உள்ளே ஓடினார்கள்.

விழுந்து கிடந்தவர் செக்கர் பாவாடை. சிறு தொழிலகத்தார் பலரும் தத்தம் பண்டங்களைக் கொணர்ந்து சுட்டுக்கொள்ளும் அச்சூளையில், வெந்தது எது, வேகாதது எது என்று தீர்ப்புக் கூறும் பணி அவருடையது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வலக்கையில் சாக்பீஸ் துண்டு ஒன்று இன்னும் இருந்தது.

"காலையில என்னாய்யா துன்ன?" என்று ஒருவர் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

"காசியம்மா கடையில... டீயும் பிஸ்கட்டும்" என்றார் பாவாடை. அத்துடன் நினைவு இழந்தார்.

பதினொன்றரை மணிக்குக் காசியம்மாள் காவல் நிலையத்தில் இருந்தாள்.

நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவர் ஏட்டு தனக்கோடி. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முப்பத்தாறாம் வயதில் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் எழுதும் அறிக்கையில் ஒரு சொல் மிகாது, ஒரு சொல் குறையாது. மேசை இழுப்பறையில் சிறிய ஆங்கிலத் தமிழ் அகராதி ஒன்று வைத்திருந்தார். பொருள் விளங்காத சொல்லை எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை.

சப்-இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் வயதில் இளையவர். கடலோரக் காவல் நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

"ஏட்டு, அஞ்சு மணிக்கு இந்த அம்மாவ மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணும். நாலரைக்குள்ள ரிப்போர்ட் முடிஞ்சிருக்கணும். கடையில எலிப்பொட்டலம் கெடச்சிருக்கு. நேத்து சண்டை போட்டதுக்குச் சாட்சி இருக்கு. வேற என்ன வேணும்?"

தனக்கோடி பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"தெரியாதா ஒங்களுக்கு? தெனம் என் கையாலதான டீ குடிக்கிறீங்க."

"எழுதணும்ல. பேரு?"

"காசியம்மா."

"நேத்து பாவாடைய என்ன சொல்லித் திட்டுன?"

"ஒன் நாக்கு அழுவிப்போவன்னு திட்டுனேன். இல்லேங்கல. அவுரு மட்டும் என்னாவாம்? என் பிஸ்கட்ட நாக்குல வெச்சிப் பாத்துட்டு, 'ஒட்டுது, வேகல, ரிஜெக்ட்டு'ன்னு பத்துப் பேரு முன்னால சொல்றாரு. மழ பேஞ்சா பிஸ்கட்டு நமுத்துத்தான் போவும். அதுக்கு நானா பொறுப்பு?"

"எலிப்பொட்டலம் எதுக்கு வெச்சிருக்க?"

"எலிக்கு."

எஸ்.ஐ. மேசையைத் தட்டினார். காசியம்மாள் அசையவில்லை.

"அந்த வெள்ளப் பொடிய, சூளையில பூச்சு மருந்து கலக்குற மருந்து ரூம்ல கேட்டா யாருக்கும் குடுப்பாங்க. இந்தத் தெருவுல எல்லார் வூட்டுலயும் இருக்குது. பொட்டலத்தப் பிரிக்கக்கூட இல்லீங்க, ஏட்டய்யா. போட்ட முடிச்சு போட்டபடி இருக்குது." பின்பு குரல் தாழ்ந்தது. "ஒரு நாளு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா அப்பறம் எங்கடையில எவன் வாய் வெப்பான்? கடை போச்சின்னா நான் போனேன்."

இதற்கு எழுத வேண்டிய கட்டம் படிவத்தில் இல்லை. தனக்கோடி பேனாவை மூடினார்.

"அவுரு கடிச்சிட்டு மிச்சம் வெச்ச பிஸ்கட்டு எங்க?"

கான்ஸ்டபிள் அர்ச்சுனன் முன்னே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பெஞ்சு மேல வெச்சிட்டு மகஜர் எழுத வெளிய வந்தேங்க. ஆடு துன்னுட்டுது."

"எந்த ஆடு?"

"அந்தத் தெரு ஆடுதாங்க. நல்லாத்தான் இருக்குது. கூடவே மகஜர்ல பாதியும் துன்னுட்டுது."

"விஷம் வெச்சது ஒரு பிஸ்கட்டுலதான்யா இருக்கும். ஆடு பொழச்சா கேசு ஒடஞ்சிடாது" என்று கூறிவிட்டு எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

நண்பகல் பன்னிரண்டரை. தனக்கோடியின் மேசை மீது மூன்று காகிதங்கள் இருந்தன. முதலாவது மருத்துவமனைச் சீட்டு: 'காலை எட்டேகால் மணி, தேநீர், பிஸ்கட்.' இரண்டாவது சூளையில் கைப்பற்றிய நோட்டுப் புத்தகத்தின் பக்கம்: 'தேவநாதன் தொழிலகம். பிஸ்கட், நாற்பத்திரண்டு பெட்டி, உள்ளே வைக்கப்பட்டது.' மூன்றாவது, அதைக் கண்ட எஸ்.ஐ. சிவப்பு மையால் எழுதிய உத்தரவு: 'நாற்பத்திரண்டு பெட்டி பிஸ்கட்! தேவநாதன் வளாகத்தை உடனே சோதனையிடுக. சுங்கத் துறைக்கும் தெரிவிக்கவும்.'

தனக்கோடிக்குத் தலை சுற்றியது. ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று வேடங்களில் நின்றது. டீக்கடையில் அது தின்பண்டம். எஸ்.ஐ. பணியாற்றிய கடலோரத்தில் அது கள்ளத்தோணியில் வரும் தங்கக் கட்டி. சூளையில் அது யாது? இழுப்பறையைத் திறந்து அகராதியைப் புரட்டினார். 'ஒருவகை இனிப்பு ரொட்டி' என்று மட்டும் இருந்தது. நாற்பத்திரண்டு பெட்டி இனிப்பு ரொட்டியைச் சூளைக்குள் எவன் வைப்பான்? அகராதியை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

ஒன்றேகால் மணி. கொட்டகையில் அர்ச்சுனன் தலையோடு கால் வெண்ணிறமாக நின்றான். தேவநாதனின் கிடங்கில் தங்கம் தேடியிருந்தான்.

"ஒண்ணும் இல்லீங்க ஏட்டய்யா. மண்ணுதான். மூட்ட மூட்டயா மண்ணு."

கோப்பை செய்யும் தொழிலகத்தின் உரிமையாளரான தேவநாதன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட்டுன்னா தங்கம்னு எவன் சொன்னான் ஒங்க எஸ்.ஐ.க்கு? பச்ச மண்ண ஒரு வேக்காடு வெச்சி எடுத்தா அதுக்குப் பேரு பிஸ்கட்டு. அப்பறம் மேல கண்ணாடிப் பூச்சு பூசி ரெண்டாம் வேக்காடு வெப்போம். வெள்ளக்காரன் வெச்ச பேரு. நாங்க என்னா பண்றது?"

"பாவாடைக்கும் ஒங்களுக்கும் தகராறு உண்டா?"

"உண்டு. போன மாசம் என் சரக்கு ரெண்டு தடவ ரிஜெக்ட்டு. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவரு நாக்கே நாக்கு, அவரு சொன்னா சொன்னதுதான். ஆனா அவரு வரலேன்னா எனக்கு என்னா லாபம்? அவரு இல்லாத நாளு விருத்தகிரி பாப்பாரு. அது இங்க வழக்கம்."

விருத்தகிரி என்பவர் சூளைக்குத் தீ போடும் ஃபயர்மேன். ஐம்பதை நெருங்கியவர், அனலில் நின்று நின்று புருவம் செம்பட்டையானவர். அவர் பணிவுடன் முன்வந்து ஏட்டை உள்ளே அழைத்துச் சென்றார். பாவாடை விழுந்ததைக் கூறும்போது அவர் கண் கலங்கிற்று.

இரண்டு அடுக்குகள் எதிரெதிரே நின்றன. இடப்புறத்தில் சென்ற வாரத்துச் சரக்கு. வலப்புறத்தில் நேற்று மாலை சூளையிலிருந்து இறக்கிய நாற்பத்திரண்டு பெட்டிகள். பாவாடை காலையில் சோதித்துக்கொண்டிருந்தவை இவையே. அப்பால் அடுத்த சூளை வாய் அடைத்து ஆறிக்கொண்டிருந்தது. அதை நாளைக் காலையில் திறப்பார்கள்.

"வெந்ததா வேகலியான்னு எப்பிடிப் பாப்பீங்க?" என்று தனக்கோடி கேட்டார்.

விருத்தகிரி இடப்புறத்து அடுக்கிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். துணியால் தூசி தட்டிவிட்டு, அதன் விளிம்பை நாக்கு நுனியில் வைத்து எடுத்தார். இப் என்று ஒரு சிறிய ஓசை.

"லேசா ஒட்டணுங்க. பசையாட்டம் புடிச்சி இழுத்தா வேகல. ஒட்டவே இல்லேன்னா அதிகமா வெந்துட்டுது, பூச்சு புடிக்காது. பதினாறு வருசமா இந்த நாக்குதான் எங்களுக்குத் தராசு."

தனக்கோடிக்கு அதனைத் தாமும் செய்து பார்க்க ஆசை உண்டாயிற்று. வலப்புறத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோனார். விருத்தகிரி மரியாதையாக அதை வாங்கிக்கொண்டார். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். டங் என்றது.

"இதுவும் வெந்ததுதாங்க. ஒங்களுக்கு இது வேணாம், இதப் பாருங்க" என்று இடப்புறத்துக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார். தனக்கோடி நாக்கில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. அவர் விழித்ததைக் கண்டு அர்ச்சுனன் சிரித்துவிட்டான்.

வலப்புறத்துப் பெட்டிகளில் சாக்பீஸால் டிக் போடப்பட்டிருந்தது. முப்பத்தொரு டிக். முப்பத்திரண்டாம் பெட்டியின் முன்னால்தான் பாவாடை விழுந்திருக்கிறார். எழுத்தோடு வாழ்பவர் ஆதலால் தனக்கோடி அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். முதல் பத்தும் அச்செழுத்துப் போல் இருந்தன. இருபதாவது நடுங்கியது. முப்பத்தொன்றாவது, கோழி கிளறியது போல் கிடந்தது.

இரண்டு மணி பத்து நிமிடம். மருத்துவமனையில் டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார்.

"பிழைத்துக்கொள்வார். நாலைந்து நாள் படுக்கை. முதலில் நாக்கும் உதடும் மரத்துப் போயிருக்கின்றன. பிறகுதான் வயிறு, கை, கால்."

"ஒரே வாயில விழுங்குனதுங்களா, டாக்டரம்மா?"

"அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்."

மணி மூன்று. தனக்கோடி நிலையத்துக்குத் திரும்பி, அறிக்கையை எழுதத் தொடங்கினார். கம்பிக் கதவுக்குப் பின்னால் காசியம்மாள் சுவரில் சாய்ந்து கண்மூடி அமர்ந்திருந்தாள்.

அவர் குழப்பம் குறையவில்லை, வளர்ந்தது. மூன்று பிஸ்கட்டையும் மனத்துக்குள் தனித்தனியே பிரித்து வைத்தாயிற்று. தங்கப் பிஸ்கட் என்று ஒன்று இல்லவே இல்லை. சூளைப் பிஸ்கட் மண். மண்ணைத் தின்பார் யாருமில்லை. எஞ்சியது டீக்கடைப் பிஸ்கட் ஒன்றே. ஆயின் அதைத் தின்றது எட்டேகால் மணிக்கு, ஐந்து நிமிடத்தில். டாக்டர் கூறுவதோ கொஞ்சங்கொஞ்சமாக. ஆடு வேறு உயிரோடு மேய்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் காசியம்மாளைக் காப்பாற்றவும் வழியில்லை, குற்றவாளியாக்கவும் வழியில்லை.

'மேற்படி காசியம்மாள்' என்று எழுதி முடித்து, பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஏட்டய்யா" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எச்ச தொட்டுத் தொட்டுப் பொரட்டுறீங்க. மை ஒங்க நாக்குல நீலமா ஒட்டியிருக்குது. தெனம் டீ குடுக்கயில பாக்குறேன். சொன்னா கோவிச்சிக்குவீங்கன்னு சொல்றதில்ல."

தனக்கோடி தம் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அதன் நுனி ஈரமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நூறு முறை அவ்விரலை நாவில் தொட்டிருக்கிறார். இன்று என்ன தின்றாய் என்று எவரேனும் அவரைக் கேட்டால், காலையில் இட்லி, மத்தியானம் மோர்ச்சாதம் என்பார். மை தின்றேன் என்று ஒருகாலும் சொல்லமாட்டார். செய்யும் தொழிலை எவன் உணவுக் கணக்கில் சேர்ப்பான்?

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அர்ச்சுனா! எஸ்.ஐ. அய்யாவச் சூளைக்கு வரச்சொல்லு. இந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. கடையிலேருந்து ரெண்டு இரும்புச் சட்டியும் எடுத்துக்க."

"சட்டி எதுக்குங்க?"

"ஆட்டுக்கு எட்டாம எடுத்துக்கிட்டு வா, போதும்."

மூன்று மணி ஐம்பது நிமிடம். கொட்டகையில் எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். தனக்கோடி எல்லோருக்கும் முன்னதாகவே வந்திருந்தார். வலப்புறத்து முப்பத்தாறாம் பெட்டியை அவரே திறந்து ஒரு கோப்பையை எடுத்தார்.

"தேவநாதன், இது வெந்திருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

தேவநாதன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். சற்றும் தயங்காமல் விளிம்பை நாக்கில் வைத்தார். "நல்ல வேக்காடு."

"விருத்தகிரி, நீங்க."

அதே பெட்டியிலிருந்து வந்த மற்றொரு கோப்பையை விருத்தகிரி வாங்கிக்கொண்டார். நகத்தால் சுண்டினார். டங்.

"வெந்துட்டுதுங்க."

"நாக்குல வெச்சிச் சொல்லுங்க."

"சத்தத்துலயே தெரியுதேங்க."

"பதினாறு வருசத் தராசு நாக்குன்னு நீங்கதான சொன்னீங்க. மத்தியானம் இடப்பக்கத்துக் கோப்பைய நாக்குல வெச்சீங்க. வலப்பக்கத்துக் கோப்பைய நான் எடுத்தா, வாங்கிச் சுண்டிட்டு எனக்கு வேற குடுத்தீங்க. ரெண்டும் பிஸ்கட்டுதான? ஒரு அடுக்குக்கு நாக்கு, ஒரு அடுக்குக்கு நகமா?"

விருத்தகிரியின் செம்பட்டைப் புருவத்தில் வியர்வை திரண்டது. தனக்கோடி அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தம் நாக்கில் வைத்து எடுத்தார். எஸ்.ஐ. பதறி முன்னால் வந்தார்.

"பயப்படாதீங்கய்யா. இது போன வாரத்துச் சரக்கு. தேவநாதன் கையில குடுத்ததும் அதான். நானே மாத்தி வெச்சேன். இப்ப நெஜமானதப் பாப்போம்."

அர்ச்சுனன் இரண்டு இரும்புச் சட்டிகளிலும் தெளிந்த நீர் ஊற்றினான். தனக்கோடி இடப்புறத்துக் கோப்பை ஒன்றை முதல் சட்டியில் மூழ்க வைத்தார். கோப்பை நீரைக் குடித்தது. சிறு குமிழிகள் எழுந்தன. நீர் தெளிவாகவே நின்றது. பின்பு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முப்பத்தேழாம் பெட்டிக் கோப்பையை இரண்டாம் சட்டியில் மூழ்க வைத்தார். விளிம்பைச் சுற்றி வெண்புகை போல் ஏதோ பிரிந்தது. கறுத்த சட்டியின் அடியில் மெல்லப் படிந்தது.

"வெந்த மண்ணு தண்ணியக் குடிக்கும். மேல தடவுன பொடியக் குடிக்காது" என்றார் தனக்கோடி. "மருந்து ரூம்ல எலிக்குன்னு குடுக்குற அதே வெள்ளப் பொடி. வெள்ளக் கோப்பையில தடவுனா கண்ணுக்குத் தெரியாது. முப்பத்தொரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கோப்பை. முப்பத்தொரு தடவ பாவாடை நாக்குல பட்டிருக்குது. டிக்கு ஒவ்வொண்ணா நடுங்கிக்கிட்டே போவுது, பாருங்க. அவுரு துன்னதத்தான் எல்லாரும் கேட்டோம். நாக்குல எத வெச்சாருன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டாலும் அவுருக்கே தோணியிருக்காது."

அடைத்துக் கிடந்த சூளையைத் தனக்கோடி சுட்டினார்.

"நாளைக்கு அதத் தெறக்கயில பாவாடை இருக்கமாட்டாரு. அதுக்குள்ள என்னா இருக்குது, விருத்தகிரி?"

விருத்தகிரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேகாத சரக்குங்க" என்றார். "திங்கக்கெழம திட்டக்குடியிலேருந்து என் பொண்ணப் பாக்க வந்தாங்க. தீய வுட்டுட்டு வூட்டுக்குப் போனேன். மூணு மணி நேரம். திரும்பி வந்து பாத்தா சூடு எறங்கிப்போயி கெடக்குது. எவ்வளோ வெறகு போட்டும் ஏறல. ஏற்கெனவே ரெண்டு தப்பு எழுதி வெச்சிருக்காங்க. மூணாவதுன்னா வேல போயிடும். வேல இல்லாதவன் பொண்ண எவன் எடுப்பான்? பாவாடை வரலேன்னா நான்தான் பாக்கணும். நானே பாஸ் போட்டுடலாம்னு..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "சாவட்டும்னு செய்யலீங்க. நேத்து சாயங்காலம் பெட்டி எறக்கயில தடவுனேன். ரெண்டு நாளு வூட்டுல படுத்துக் கெடந்தா போதும்னுதான் நெனச்சேன். அவுரு கீழ வுழுந்தப்ப தலையத் தூக்கிப் புடிச்சது நான்தாங்க. என்னா துன்னன்னு கேட்டதும் நான்தான்."

"கேட்டுட்டு, அவுரு என் பேரச் சொன்னதும் நீ வாய மூடிக்கிட்ட" என்றாள் காசியம்மாள். அவள் சத்தம் போடவில்லை. "நான் உள்ள போறதப் பாத்துக்கிட்டு இருந்தியே, அண்ணே."

எஸ்.ஐ. சிவப்பு மையில் தாம் எழுதிய உத்தரவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், நான்காக மடித்தார், மீண்டும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நின்றவர் விருத்தகிரி. அறிக்கையில் 'பிஸ்கட்' என்ற சொல் வந்த ஏழு இடங்களிலும் அது எவ்வகைப் பிஸ்கட் என்பதைத் தனக்கோடி ஐயந்திரிபற விளக்கி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. காசியம்மாள் கடையில் அடுப்பு எரிந்தது, பாலும் கொதித்தது. எதிரே சூளை வாயிலில் இருபது பேர் நின்றார்கள். அவள் விடுதலையானது அவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் டீ கேட்டவர்களுள் ஒருவரும் பிஸ்கட் கேட்கவில்லை. கண்ணாடிப் புட்டி வாய்வரை நிறைந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

தனக்கோடி சைக்கிளை நிறுத்தினார். சட்டையின் பித்தான்கள் அனைத்தையும் போட்டு, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, பெஞ்சின் நடுவில் எல்லோருக்கும் தெரியும்படி அமர்ந்தார்.

"ஒரு டீ. ரெண்டு பிஸ்கட்டு."

காசியம்மாளின் கை நின்றது.

"எந்த பிஸ்கட்டுங்க, ஏட்டய்யா?"

"துன்றது."

அவள் புட்டியைத் திறந்து இரண்டு எடுத்துத் தட்டில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து, இருபது பேரும் பார்க்க, முதலில் நாக்கு நுனியில் வைத்து எடுத்தார்.

"ஒட்டுதா?" என்று வாயிலிலிருந்து தேவநாதன் கத்தினார்.

"ஒட்டுது" என்றார் தனக்கோடி. பிறகு முழுவதையும் வாயில் போட்டு மென்று விழுங்கினார். "ஆனா பாஸ்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முதலில் அர்ச்சுனன் வந்து கை நீட்டினான். அவனுக்குப் பின்னால் தேவநாதன். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஆடும் தலையை நீட்டியது.

"ஒனக்கு நேத்தே குடுத்தாச்சி, போ" என்று காசியம்மாள் அதை விரட்டினாள். புட்டியின் மூடியை அவள் திரும்ப மூடவில்லை.